இரவில் பரவும் செய்திக்குக் காலையில் பதில் வேண்டும்: மலேசியத் தமிழ் ஊடக ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியத் தமிழ் நாளிதழ்கள், வானொலி, தொலைக்காட்சி, இணையச் செய்தித் தளங்கள் ஆகியவற்றின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

நான் கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. தண்ணீர் எப்போது நிற்கும், லிஃப்ட் எப்போது சரியாகும் என்று சொல்வதற்காகத் தொடங்கிய குழு அது. இப்போது அதில் வருவதில் பெரும்பகுதி அரசியல். எந்த அமைச்சர் நம்மை ஏமாற்றினார், எந்தக் கோயிலை எப்போது உடைக்கப் போகிறார்கள், அடுத்த தேர்தலில் யாரைத் தோற்கடிக்க வேண்டும் என்பதையெல்லாம் எங்கள் மக்கள் அங்கே வரும் குரல் பதிவுகளையும் அரை நிமிட டிக்டாக் காணொளிகளையும் வைத்தே முடிவு செய்கிறார்கள். உங்கள் பக்கங்களை யாரும் அங்கே எடுத்துக்காட்டுவதில்லை. அப்படி யாராவது காட்டினாலும் அது பெரும்பாலும் ஒரு தலைப்பின் படம் மட்டும்தான்.

உங்களிடம் கேட்க வந்தது ஒரே ஒரு விஷயம். கைப்பேசியில் பரவும் அரசியல் செய்திகளுக்குத் தமிழில், உடனுக்குடன், ஆதாரத்தோடு பதில் சொல்லும் வேலையை நீங்கள் அன்றாட வேலையாக ஏற்றுக்கொள்ள வேண்டும். அரசாங்கம் சொன்னால் மக்கள் நம்ப மாட்டார்கள். கட்சிக்காரர் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். நீங்கள் சொன்னால் நம்புவதற்கு இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

2025 மார்ச் மாதம் உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும். மாதத் தொடக்கத்தில் ஒரு மலாய் வானொலி நிலையத்தின் அறிவிப்பாளர்கள் காவடியாட்டத்தையும் ‘வேல் வேல்’ முழக்கத்தையும் கேலி செய்த காணொளி பரவியது. அதன் சூடு தணிவதற்குள் மஸ்ஜித் இந்தியா பகுதியில் இருக்கும் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலய விவகாரம் வெடித்தது. கோயில் இருக்கும் நிலத்தை மாநகர் மன்றம் 2014-இலேயே ஒரு தனியார் துணி நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. அந்த நிறுவனம் அங்கே ஒரு பள்ளிவாசல் கட்டத் திட்டமிட்டது. மார்ச் 27-ஆம் தேதி பிரதமர் அடிக்கல் நாட்டுவார் என்ற செய்தி வந்தது. இவ்வளவுதான் உறுதியாகத் தெரிந்த செய்தி. மற்றதையெல்லாம் கைப்பேசி எழுதிக்கொண்டது.

எங்கள் குழுவில் வந்தவை இவை: நாளைக்கே புல்டோசர் வருகிறது, கோயில் நிர்வாகம் பணம் வாங்கிவிட்டது, நம் மக்கள் பிரதிநிதிகள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். என் மலாய் நண்பர்களுக்கு வந்தவை வேறு: இது சட்டவிரோதக் கோயில், இந்துக்கள் அடுத்தவர் நிலத்தை ஆக்கிரமித்துக்கொண்டு போக மறுக்கிறார்கள், நாடு முழுவதும் இப்படித்தான். இரண்டு பக்கத்துக்கும் ஒரே நகரம், ஒரே தெரு, ஒரே கோயில். ஆனால் ஒரு பக்கம் கேட்டது மறு பக்கத்தின் காதில் விழவே இல்லை.

அந்த வாரங்களில் மக்களுக்குத் தெரிய வேண்டியிருந்த விஷயங்கள் எளியவை. விற்பனை நடந்தபோது கோயில் நிர்வாகத்துக்குச் சொன்னார்களா? வேறு இடம் தருவதாக மன்றம் சொன்னது எப்போது, எங்கே, எத்தனை சதுர அடி? இடமாற்றச் செலவை யார் ஏற்பது? புதிய இடம் தயாராகும்வரை பழைய கோயிலைத் தொடமாட்டோம் என்று யாராவது எழுதிக் கொடுத்தார்களா? கடைசியில் மார்ச் கடைசி வாரத்தில், கூப்பிடு தூரத்தில் ஒரு மாற்று இடத்துக்குக் கோயில் நிர்வாகம் சம்மதித்தது, அடிக்கல்லும் திட்டமிட்டபடி நடப்பட்டது. அது நல்ல தீர்வா இல்லையா என்பதில் எனக்கும் கருத்து உண்டு. ஆனால் கருத்துச் சொல்வதற்கு முன்னால் வேண்டிய தகவல்கள் துண்டு துண்டாக, வெவ்வேறு மொழிகளில், வெவ்வேறு அறிக்கைகளில் கிடந்தன. அவற்றை ஒன்றாகக் கோத்துத் தமிழில் ஒரே இடத்தில் வைத்திருந்தால், எங்கள் குழுவில் பாதி வதந்தி ஒரே நாளில் அடங்கியிருக்கும்.

இன்னொன்றும் யாரும் சொல்லவில்லை, அல்லது எங்கள் காதுக்கு வரும் அளவுக்குச் சொல்லவில்லை. தோட்டங்களிலும் ரயில்பாதை ஓரங்களிலும் பொதுப்பணி இலாகா லயன் வீடுகளிலும் நம் முன்னோர் கோயில் கட்டியபோது நிலம் துரைமாருடையது அல்லது அரசாங்கத்துடையது. தேசிய நிலச் சட்டம் 1965-இல் தான் வந்தது. பல கோயில்கள் அதற்கு வெகு காலம் முன்பே எழுந்துவிட்டன. கோயில் பெயரில் பட்டா எடுக்க வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை, தோன்றினாலும் கேட்கும் நிலையில் அந்தத் தொழிலாளர்கள் இல்லை. பிறகு தோட்டம் கைமாறியது, நிலம் மேம்பாட்டுக்குப் போனது, கோயில் மட்டும் அங்கேயே நின்றது. இந்த வரலாறு தெரிந்தால் ‘சட்டவிரோதம்’ என்று ஒருவர் கத்தும்போது நம் பிள்ளைகள் பதிலுக்குக் கத்தாமல் விஷயத்தைச் சொல்வார்கள். இந்த வரலாற்றை மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லத் தெரிந்த தமிழ் நிருபர்கள் உங்கள் அலுவலகங்களில் இருக்கிறார்கள். மூன்று மொழியும் அன்றாடம் படிக்கிற ஆட்கள் இந்த நாட்டு ஊடகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? இரண்டு பக்கமும் என்ன பரவுகிறது என்று பார்க்க முடிந்தவர்கள் நீங்கள்தான்.

மக்கள் ஏன் பத்திரிகையை விட்டுக் கைப்பேசியை நம்பினார்கள் என்பதற்கு நியாயமான காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கோரிக்கையை வைப்பது சரியாகாது.

1984-ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்படி ஒவ்வொரு பத்திரிகையும் ஆண்டுதோறும் உள்துறை அமைச்சிடம் போய் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2012-இல் தான் அந்த ஆண்டுக் கட்டாயம் போனது. 1987 அக்டோபரில் ஓப்பராசி லாலாங் கைதுகளின்போது தி ஸ்டார், சின் சியூ ஜிட் போ, வத்தான் ஆகிய மூன்று பத்திரிகைகளின் உரிமம் பறிக்கப்பட்டது. அவை மறுபடி வெளிவர மறு ஆண்டு மார்ச் ஆயிற்று. அதைப் பார்த்த எந்த ஆசிரியருக்கும் பயம் வராமல் இருக்காது. பெரிய பத்திரிகைகள் பல ஆளும் கூட்டணிக் கட்சிகளின் கையில் அல்லது அவற்றுக்கு நெருக்கமானவர்கள் கையில் இருந்தன. நம் பக்கமும் அப்படித்தான். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் பின்னாளில் மலேசிய இந்திய காங்கிரஸ் என்னும் ம.இ.கா.வின் தேசியத் தலைவர் குடும்பத்தின் கைக்குப் போனது. அதில் என்ன வரும், என்ன வராது என்பது வாசகர்களுக்கே தெரிந்திருந்தது.

2007 நவம்பர் 25 அன்று இந்து உரிமை இயக்கமான ஹிண்ட்ராஃப் நடத்திய பேரணிக்காக ஆயிரக்கணக்கானோர் கோலாலம்பூரில் திரண்டபோது கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் எப்படிப் பாய்ந்தன என்பதை மக்கள் குறுஞ்செய்திகளிலும் வலைப்பதிவுகளிலும் மலேசியாகினி செய்தித் தளத்திலும்தான் தெரிந்துகொண்டார்கள். தொலைக்காட்சியில் வந்தது வேறு கதை. அதே ஆண்டு ஆகஸ்டில் மக்கள் ஓசை நாளிதழ் ஒரு படத்தை வெளியிட்டதற்காக ஒரு மாதம் நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு ஏப்ரலில் அதன் உரிமம் புதுப்பிக்கப்படாமல் போய், முறையீட்டுக்குப் பிறகே திரும்பக் கிடைத்தது. இடையில் 2008 மார்ச் 8 அன்று பொதுத்தேர்தல். ஆளும் கூட்டணியான தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது, கிளந்தானைத் தக்கவைத்துக்கொண்ட எதிரணி பினாங்கு, பேராக், சிலாங்கூர், கெடா ஆகிய நான்கு மாநிலங்களையும் கைப்பற்றியது, சுங்கை சிப்புட்டில் ம.இ.கா. தலைவர் சாமிவேலு தோற்றார். இணையப் பிரச்சாரத்தைப் பொருட்படுத்தாமல் விட்டது பெரிய தவறு என்று அன்றைய பிரதமர் அப்துல்லா அகமட் படாவியே தேர்தல் முடிந்த சில வாரங்களில் ஒப்புக்கொண்டார்.

அந்தத் தேர்தலில் கைப்பேசி நமக்கு உண்மையைக் கொண்டு வந்தது. அதை யாரும் மறுக்கக் கூடாது. பத்திரிகை மறைத்ததைக் குறுஞ்செய்தி சொன்னது என்ற அனுபவம் ஒரு தலைமுறைக்கே பாடமாகிவிட்டது. ‘பேப்பரில் போட மாட்டான், ஆனா இதுதான் நடந்தது’ என்று தொடங்கும் குரல் பதிவு இன்றும் எடுபடுவதற்கு அந்த நாட்கள்தான் காரணம்.

ஆனால் அரசியல்வாதிகளும் அதே பாடத்தைப் படித்தார்கள். 2008-க்குப் பிறகு ஒவ்வொரு கட்சியும் இணையத்தில் ஆள் வைத்தது. சைபர் துரூப்பர் என்ற சொல் நம் வீடுகளுக்குள்ளே வந்துவிட்டது. 2013 தேர்தலில் கெடாவில் தேசிய முன்னணிக்கு வேலை செய்ததாக கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற தேர்தல் ஆலோசனை நிறுவனம் தன் இணையத்தளத்திலேயே போட்டுக்கொண்டது 2018-இல் தெரியவந்தபோது, சம்பந்தப்பட்ட அரசியல்வாதிகள் அதை மறுத்தார்கள். 2022 ஆகஸ்டில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, மலேசியாவில் 596 ஃபேஸ்புக் கணக்குகளையும் 180 பக்கங்களையும் நீக்கியது. அன்றைய அரசாங்கத்தைப் புகழ்ந்தும் அதன் விமர்சகர்களைத் தாக்கியும் எழுதிய அந்த வலையத்துக்கு அரச மலேசியப் போலீஸ் படையோடு தொடர்பு இருப்பதாக மெட்டா சொன்னது. அது சரியா என்று தீர்ப்பளிப்பது என் வேலை இல்லை. ஆனால் சாதாரணக் குடிமகன் என்ற பெயரில் பேசும் ஒரு கணக்குக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று நமக்குத் தெரிவதில்லை. இதைத் தமிழில் எளிமையாக விளக்கிய ஒரு கட்டுரையை எங்கள் குழுவில் யாரும் பகிர்ந்து நான் பார்த்ததே இல்லை.

அப்புறம் 2022 நவம்பர் 19. வாக்களிக்கும் வயது 18 ஆகி, வாக்காளர் பதிவும் தானாக நடக்கத் தொடங்கிய பிறகு வந்த முதல் பொதுத்தேர்தல். 2018-இல் ஒரு கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை இரண்டு கோடியே 11 லட்சத்துக்கு மேல் போனது. புதிதாக வந்தவர்களில் பெரும்பகுதி இளைஞர்கள், டிக்டாக்கில் வாழ்பவர்கள். தேர்தல் முடிந்து யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் நாடு காத்திருந்த நாட்களில், 1969 மே 13 இனக்கலவரம் மறுபடி வரும் என்று மிரட்டும் காணொளிகள் டிக்டாக்கில் குவிந்தன. போலீஸ் எச்சரிக்கை விட்டது, டிக்டாக் நிறுவனமும் காணொளிகளை நீக்குவதாகச் சொன்னது. 1969-ஐ நேரில் பார்த்த எங்கள் குடியிருப்புப் பெரியவர்கள் அந்த நாட்களில் பேரப்பிள்ளைகளை வெளியே விடவில்லை. ஒரு காணொளி எந்த வீட்டுக் கதவையும் சாத்த வைக்கும் என்பதை அப்போது பார்த்தேன்.

டிக்டாக் எதை முன்னால் காட்டும் என்பதை அதன் கணக்கீட்டு முறைதான் முடிவு செய்கிறது. நாம் நின்று பார்ப்பது, திரும்பப் பார்ப்பது, கருத்துப் போடுவது, பகிர்வது எல்லாம் அதற்குக் கணக்கு. கோபம் வந்தால் நாம் இவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்கிறோம். ஆகவே கோபமூட்டுவது மேலே வருகிறது. உண்மையா பொய்யா என்பது அந்தக் கணக்கில் பெரிதாக இல்லை. வாட்ஸ்அப்பில் பிரச்சினை வேறு. அனுப்புபவரையும் பெறுபவரையும் தவிர வேறு யாரும் படிக்க முடியாத பூட்டு அதில் இருக்கிறது. அது தனிமனித உரிமைக்கு நல்லது, நான் அதற்கு ஆதரவுதான். ஆனால் ஒரு வதந்தி எத்தனை குழுக்களில் சுற்றுகிறது என்று வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது. அந்த நிறுவனம் 2019-இல் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பலமுறை பகிரப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்கு மட்டும் என்று குறைத்தது. வேகம் கொஞ்சம் குறைந்திருக்கலாம், வதந்தி நிற்கவில்லை. நம் மக்கள் பொறுமையாக ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாக அனுப்புகிறார்கள்.

சட்டம் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உங்களிலும் இருக்கிறீர்கள், தலையங்கங்களில் படித்திருக்கிறேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 2018 ஏப்ரலில், தேர்தலுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் முதலில் தண்டிக்கப்பட்டவர், போலீஸ் தாமதமாக வந்தது என்று யூடியூபில் பேசிய ஒரு டென்மார்க் குடிமகன். ஆட்சி மாறியதும் சட்டத்தை நீக்க மக்களவை வாக்களித்தது, மேலவை மறுத்தது, 2019-இல் மறுபடி கொண்டுவந்துதான் நீக்க முடிந்தது. 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில் இணையத்தில் தவறாகப் பதிவிடுவோரைத் தண்டிக்கும் 233-ஆம் பிரிவு இருக்கிறது. 2025 ஜனவரி முதல் 80 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள சமூக ஊடகத் தளங்களுக்கு உரிமம் கட்டாயமாகியது. 2026 ஜனவரி முதல் இணையப் பாதுகாப்புச் சட்டமும் நடப்பில் இருக்கிறது. பல்லூடக ஆணையத்தின் செய்தி சரிபார்ப்புத் தளமான செபெனார்ன்யா 2017 முதல் இயங்குகிறது. வாட்ஸ்அப்பில் செய்தியை அனுப்பிச் சரிபார்க்கும் ஐஃபா என்ற கருவியையும் ஆணையம் 2025 ஜனவரியில் அறிமுகப்படுத்தியது, அது தமிழிலும் பதில் சொல்லும். இவ்வளவு இருந்தும் எங்கள் குழுவில் வதந்தி குறைந்தபாடில்லை. அரசாங்கத்தைப் பற்றிய வதந்திக்கு அரசாங்கமே பதில் சொன்னால் யார் நம்புவார்? இந்திய சமூகத்துக்கான அரசாங்கப் பிரிவான மித்ராவைப் பற்றி வரும் குரல் பதிவை அமைச்சு மறுத்தால், அதையே இன்னொரு ஆதாரமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

மித்ரா என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். இந்திய சமூகத்துக்காக ஆண்டுக்குப் பத்துக் கோடி வெள்ளி ஒதுக்கப்படுகிறது. அந்தப் பணம் எங்கே போனது என்பது நம் குழுக்களில் ஓயாத கேள்வி. கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு வரும் பதில்கள் எல்லாம் ஒரு கட்சிக்காரர் இன்னொரு கட்சிக்காரரைச் சாடும் காணொளிகள். எந்த ஆண்டு எவ்வளவு செலவானது, எவ்வளவு திருப்பி அனுப்பப்பட்டது, எந்த வகைத் திட்டங்களுக்கு, எந்த மாநிலத்தில், விண்ணப்பம் செய்து கிடைக்காதவர் எங்கே முறையிடுவது என்று ஒரே பக்கத்தில் ஆண்டுக்கு ஒருமுறை நீங்கள் போட முடியாதா? நாடாளுமன்றக் கேள்விகளுக்கு அமைச்சர்கள் தரும் பதில்கள் நாடாளுமன்ற உரைப் பதிவான ஹன்சார்டில் கிடைக்கின்றன. கணக்காய்வு அறிக்கைகள் வெளியாகின்றன. இவற்றைத் தேடி எடுத்துப் படிக்க எங்களைப் போன்றவர்களுக்கு நேரமும் பழக்கமும் இல்லை. நிருபருக்கு அதுதான் தொழில்.

இங்கே உங்கள்மீது எனக்குள்ள மனக்குறையையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நம் செய்திகளில் பெரும்பாலானவை அறிக்கைகள். ‘ஒய்.பி. இவ்வாறு கூறினார்’, ‘தலைவர் வலியுறுத்தினார்’, ‘அமைச்சர் நம்பிக்கை தெரிவித்தார்’. அவர் சொன்னது சரியா என்று அடுத்த பத்தியில் ஒரு வரிகூட இருப்பதில்லை. மாதிரிக் காசோலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் நான்கு பத்தி அகலத்தில் வருகிறது. அந்தப் பணம் பள்ளிக்கு வந்து சேர்ந்ததா என்று ஆறு மாதம் கழித்து யாரும் கேட்பதில்லை. இணையத் தளங்களிலோ நிலைமை இன்னும் மோசம். பரவும் காணொளியை எடுத்து, தலைப்பில் ஒரு கேள்விக்குறி வைத்து, ‘இணையவாசிகள் கொதிப்பு’ என்று போட்டுவிடுகிறார்கள். ஒரு பொய் கைப்பேசியில் மட்டும் இருக்கும்வரை அது வெறும் பேச்சு. உங்கள் சின்னத்தோடு வந்த நிமிடம் முதல் எங்கள் குழுவில் அதைக் கேள்வி கேட்க யாராலும் முடியாது. ‘பேப்பர்லயே வந்துருச்சு’ என்று வாயை அடைத்துவிடுவார்கள். மறுநாள் நீங்கள் திருத்தம் போட்டாலும் அது எங்களுக்கு வந்து சேர்வதில்லை.

உங்கள் சிரமம் தெரியாமல் எழுதவில்லை. விளம்பரம் குறைந்துவிட்டது, காகித விலை ஏறிவிட்டது, நிருபர்களின் சம்பளம் அவர்கள் செய்யும் வேலைக்கு ஈடானதில்லை. தொண்ணூறு ஆண்டுகளைக் கடந்த தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றுபோனபோது, நம் சமூகத்தில் அதற்காக வருந்தியவர்களைவிட வாங்கிப் படித்தவர்கள் குறைவு. அது எங்கள் பக்கத்துக் குறை. ஆனால் ஆள் குறைவாக இருக்கும்போதுதான் அந்த ஆளை எந்த வேலைக்கு அனுப்புகிறோம் என்பது முக்கியமாகிறது. நான்கு திறப்பு விழாக்களுக்குப் போகும் நிருபரை ஒரு நாள் மாநகர் மன்றத்துக்கும் நில அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். திறப்பு விழாப் படத்தை ஏற்பாட்டாளர்களே அனுப்பிவிடுவார்கள்.

வடிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நாம் அதிகம் தோற்கிறோம். எங்கள் குடியிருப்பில் தமிழ் பேசும் இளைஞர்களில் நிறையப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது. தேசியப் பள்ளியில் படித்தவர்கள். வீட்டில் தமிழ், வெளியில் மலாய், கைப்பேசியில் இரண்டும் கலந்த ஒன்று. நீங்கள் எவ்வளவு நல்ல கட்டுரை எழுதினாலும் அது அவர்களைத் தொடாது. ஆனால் அவர்கள் கேட்பார்கள். மின்னல் எஃப்எம்மும் ராகாவும் காரில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஒரு நிமிடக் குரல் பதிவாக, பேசும் தமிழில், ‘நேற்று இரவு இந்தச் செய்தி வந்தது, நாங்கள் மன்றத்தில் இன்னாரைக் கேட்டோம், அவர் சொன்னது இது, ஆவணத்தில் இருப்பது இது, இன்னும் உறுதியாகாதது இது’ என்று சொல்லி அனுப்பினால், அதை நான் குழுவில் போட முடியும். பாட்டியும் கேட்பார், பேரனும் கேட்பான். வதந்தி குரல் பதிவாக வரும்போது மறுப்பு மட்டும் எட்டுப் பத்திக் கட்டுரையாக வந்தால் எப்படி?

தமிழ்நாட்டு யூடியூப் அலைவரிசைகளையும் மறக்க வேண்டாம். மலேசியத் தமிழர்களைப் பற்றி அங்கிருந்து சிலர் பேசுகிறார்கள். அக்கறையோடுதான் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ம.இ.கா. எந்தக் கூட்டணியில் இருக்கிறது, மாநில அரசுக்கும் மத்திய அரசுக்கும் என்ன வேறுபாடு, நிலம் யார் அதிகாரத்தில் வருகிறது என்ற அடிப்படைகூடத் தெரியாமல் பேசுகிறார்கள். அதை நம் மக்கள் நம் ஊர்ச் செய்தியாகவே கேட்கிறார்கள். நம் அரசியலை நமக்கு விளக்கும் இடம் காலியாக இருந்தால் கடல் கடந்து ஆள் வந்து உட்காரத்தான் செய்யும்.

இவ்வளவு கவலைப்பட நம் எண்ணிக்கையும் ஒரு காரணம். நாம் மக்கள்தொகையில் ஏழு விழுக்காடுகூட இல்லை. இந்தியர் பெரும்பான்மையாக இருக்கும் நாடாளுமன்றத் தொகுதி நாட்டில் ஒன்றுகூட இல்லை. ஆனால் மும்முனைப் போட்டி நடக்கும் பல தொகுதிகளில் நம் வாக்கு யாருக்குப் போகிறது என்பதே வெற்றியைத் தீர்மானிக்கிறது. ஆகவே நம்மைக் கோபப்படுத்தி ஒரு பக்கம் தள்ளுவதில் எல்லாக் கட்சிக்கும் ஆதாயம் உண்டு. நம்மைப் பற்றி மற்றவர்களைக் கோபப்படுத்துவதிலும் சிலருக்கு ஆதாயம் உண்டு. வீட்டில் உட்காரும்படி நம்மைச் சலிப்படைய வைப்பதும் ஒரு வழிதான். ‘யார் வந்தாலும் நமக்கு ஒன்றும் செய்ய மாட்டான், ஓட்டு போடாதே’ என்ற காணொளியை யார் செய்தார், யார் காசு கொடுத்தார் என்று ஒரு தமிழ்ப் பத்திரிகை துருவிப் பார்த்திருக்கிறதா? பார்க்க வேண்டும்.

யார் உங்கள் முதலாளி என்பதையும் வாசகர்களுக்குச் சொல்லுங்கள். உங்கள் உரிமையாளர் ஒரு கட்சியில் பொறுப்பில் இருந்தால், அந்தக் கட்சியைப் பற்றிய செய்தியின் கீழ் ஒரு வரி போடுங்கள். விளம்பரமாக வந்த செய்தி என்றால் விளம்பரம் என்று எழுதுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 2025 ஜூனில் மலேசிய ஊடக மன்றச் சட்டம் நடப்புக்கு வந்துவிட்டது. பல பத்தாண்டுகளாகப் பத்திரிகையாளர்கள் கேட்டுப் பெற்ற மன்றம் அது. அதில் தமிழ் ஊடகத்தின் குரல் வலுவாக இருக்க வேண்டும். தமிழில் வந்த தவறான செய்தி பற்றி ஒரு வாசகர் தமிழிலேயே முறையிட வழி வேண்டும். அதை நீங்கள் முன்னின்று கேட்டால் நாங்கள் பின்னால் நிற்போம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. தொடங்கச் சொல்கிறேன். ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாகச் செய்ய முடியாவிட்டால் சேர்ந்து செய்யுங்கள். போட்டி விற்பனையில் இருக்கட்டும். பொய்யை மறுக்கும் இந்த ஒரு வேலைக்கு இரண்டு நாளிதழ்களும் ஒரு வானொலியும் ஒன்று சேர்ந்தால் யாருக்கும் நட்டம் இல்லை. ஒரே ஒரு வாட்ஸ்அப் எண். சந்தேகமான செய்தியை மக்கள் அதற்கு அனுப்பட்டும். இரவு பத்து மணிக்குள் வந்ததற்கு மறுநாள் காலை எட்டு மணிக்குள் குரல் பதிவு வரட்டும். உறுதி செய்ய முடியாததை ‘இன்னும் உறுதியாகவில்லை, பகிராதீர்கள்’ என்று சொல்லுங்கள், அதுவும் பதில்தான். சொன்னது பின்னால் தவறென்று தெரிந்தால், அதே எண்ணிலிருந்து அதே ஆட்களுக்குத் திருத்தமும் போகட்டும்.

அடுத்த பொதுத்தேர்தல் 2028 பிப்ரவரிக்குள் நடந்தாக வேண்டும், முன்பே வரவும் கூடும். தேர்தல் அறிவித்த பிறகு இதைத் தொடங்கினால் பயன் இருக்காது. அந்த எண்ணைப் பழகி நம்புவதற்கு மக்களுக்குக் காலம் வேண்டும். கோயில், தமிழ்ப்பள்ளி, குடியுரிமை, நிலம் போன்ற சாதாரண நாள் விஷயங்களில் நீங்கள் சொன்னது சரியாக இருந்தது என்ற அனுபவம் இருந்தால்தான், வாக்களிப்புக்கு முந்தின இரவு வரும் குரல் பதிவுக்கு எதிரே உங்கள் குரல் நிற்கும்.

எங்கள் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். செந்தூலிலும் பக்கத்துத் தாமான்களிலும் இதுபோன்ற குழுக்களை நடத்தும் பலரை எனக்குத் தெரியும். கோயில் நிர்வாகக் குழுக்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், மரண சகாயச் சங்கங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு இருக்கிறது. நீங்கள் அந்த எண்ணை அறிவித்த அன்றே அதை எல்லாக் குழுக்களுக்கும் கொண்டு சேர்க்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். எங்களுக்கு வரும் சந்தேகமான செய்திகளை, அனுப்பியவர் பெயரை நீக்கிவிட்டு, உங்களுக்கு அனுப்பி வைக்கிறோம். இதற்குச் சந்தா கட்ட வேண்டும் என்றால் மாதம் ஐந்து வெள்ளி தரத் தயாராக இருப்பவர்கள் எங்கள் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள், கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உங்களில் யார் முதலில் முன்வருகிறீர்கள் என்று உங்கள் பக்கத்திலேயே அறிவியுங்கள். பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
செந்தூல் அடுக்குமாடிக் குடியிருப்பாளர் ஒருவர்
கோலாலம்பூர்